ஆணியில் மாட்டிய துப்பாக்கி

படகு வலப்பக்கமாக லேசாக அமுங்கியது.

உதட்டருகே கொண்டுபோன காபிக் கோப்பையை பெரிட் அப்படியே நிறுத்திப் பிடித்தாள். படகிலேயே குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலை வந்தால் படகு ஆடும், காற்றடித்தால் முனகும். ஆள் ஏறினால்தான் இப்படி ஒரே பக்கமாக அமுங்கும், அவர் உள்ளே கால் வைத்ததும் மெல்ல நிமிரும். கோப்பையில் காபி சாய்ந்தே நின்றது. ஏறியவர் இன்னும் விளிம்பில்தான் நிற்கிறார்.

"யாரு, டுவேனா? ஏறுறதுக்கு முன்னாடி தட்டணும்னு எத்தனவாட்டி சொல்றது?"

படகு மெல்ல நிமிர்ந்தது. அவள் கதவைத் திறந்தாள். சாயங்காலம்தான், ஆனால் அலாஸ்காவின் நவம்பரில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும். துறைமுக விளக்குகளின் மஞ்சளில் மழை பெய்துகொண்டிருந்தது. படகைக் கட்டியிருந்த மர நடைமேடையில் ஒருவரும் இல்லை. ஈரமான விளிம்பில் கை வைத்தபோது, நங்கூரத்தைத் தூக்கும்போது அதோடு ஒட்டி வருமே, அந்த அடிக்கடல் சேற்று வாடை குப்பென்று வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடைமேடை இருப்பது இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் தண்ணீர்.

துடுப்புப் படகில் வந்த திருடன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் மாலையும் அதே நேரத்துக்குப் படகு அமுங்கியது. அதற்கடுத்த நாள் அவள் டுவேனின் கடையில் நின்றாள்.

கயிறு, ரப்பர் பூட்ஸ், துப்பாக்கி எல்லாம் விற்கும் கடை அது. டுவேன் அவள் கணவன் ஹால்வரின் பால்ய நண்பன். வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

"ரைஃபிளப் பாக்காத, அது கரடிக்கு. படகுக்குள்ள நின்னு சுட்டீன்னா திருடனத் தாண்டி, ஒன் படகத் தாண்டி, பக்கத்துப் படகுல பல்லு வெளக்கிட்டிருக்கிறவனயும் சேத்து அனுப்பி வச்சிரும்."

"கைத்துப்பாக்கி?"

"கை நடுங்காதவங்களுக்கு அது. ஒன் கையப் பாரு."

பார்த்தாள். கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"அதனால இதான்." குழல் குட்டையான, மெலிந்த, ஒரே வெடியில் பொடிக்குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன் ஒன்றை மேசைமேல் வைத்தான். "சுக்கான் அறைக்குள்ள நின்னு சுலபமாத் திருப்பலாம். மீனுக்கும் ஆச்சு, திருடனுக்கும் ஆச்சு. ஹால்வர் வச்சிருந்த அதே ரகம்."

"இது வேணாம்."

"ஏன், அவனோடதே இருக்குமே? கதவுகிட்ட ஆணியில தொங்குமே?"

"கடல்ல விழுந்துருச்சு. அவன் போன அன்னிக்கே."

டுவேன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கம் என்று நினைத்திருப்பான், பாவம். கடைசியில் அவள் எடுத்தது எவர்சில்வராய்ப் பளபளக்கும் பெரிய ஷாட்கன். உப்புக்காற்றில் சட்டென்று துருப்பிடிக்காதாம்.

"தோள்பட்டைய ஒடச்சிரும், சொல்லிட்டேன்."

"ஒடையட்டும்."

ஹாலிபட் என்பது கடலின் அடித்தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். மேல்பக்கம் பழுப்பு, கீழ்ப்பக்கம் பால் வெள்ளை, கண் இரண்டும் பழுப்புப் பக்கத்திலேயே இருக்கும். ஆள் உயரத்துக்கு வளரும். உயிரோடு உள்ளே இழுத்துப் போட்டால் வாலாலேயே மனிதன் காலை முறித்துவிடும் என்பதால், இந்தப் பக்கத்தில் பெரியதைத் தண்ணீரில் வைத்தே சுட்டுவிடுவார்கள். ஒருவர் கயிற்றை இழுப்பார், இன்னொருவர் துப்பாக்கியோடு நிற்பார். தலை மேலே வந்ததும் இழுப்பவர் "இப்ப!" என்று கத்துவார். அந்தச் சொல் காதில் விழுந்தால் யோசிக்கவே கூடாது. கல்யாணமான நாளிலிருந்து ஹால்வர் இழுப்பான், பெரிட் சுடுவாள். ஒரு தடவைகூட அவள் குறி தப்பியதில்லை.

ஜூனில் அது நடந்தது. கயிற்றின் சுருள் ஹால்வரின் காலில் சுற்றிக்கொண்டது, மீன் கீழ்நோக்கிப் பாய்ந்தது, அவனும் போனான். தொப்பி மட்டும் மேலே மிதந்தது. வெயிலும் காற்றும் பட்டு அவன் முகம் பழுப்பேறியிருக்கும். தொப்பிக்குள்ளேயே வாழ்ந்த வழுக்கைத் தலை மட்டும் வெள்ளைவெளேரென்று இருக்கும். நுரைக்கு நடுவே ஏதோ வெள்ளையாக எழும்பியது. அவள் சுட்டாள். நுரை சிவந்தது. மீனின் ரத்தமும் சிவப்புதான். அதன்பின் ஒன்றுமே மேலே வரவில்லை. கையிலிருந்த துப்பாக்கியைத் தூக்கிக் கடலில் எறிந்தாள்.

காலில் கயிறு மாட்டிக்கொண்டது என்று ஊரில் சொன்னாள். அது பொய்யில்லை. சுட்டது மீனையா, அவனையா என்பதை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை, தன்னிடம்கூட. அது தெரியாமல் இருக்கும் வரைதான் தன்னால் சாப்பிடவும் தூங்கவும் முடியும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

புதுத் துப்பாக்கியைக் கண்டு எதுவும் பயந்ததாகத் தெரியவில்லை. படகு தினமும் அமுங்கியது. துறைமுகம் என்றால் யாராவது ஏறத்தான் செய்வார்கள், யாருமே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் ஏறுவதற்கு ஆளேது என்று கணக்குப் போட்டாள். விடியற்காலையில் கிளம்பி, பாதையோ வீடோ இல்லாத ஒரு குடாவுக்குள் போய் நங்கூரம் போட்டாள். சின்னத் துடுப்புப் படகைக்கூடத் தூக்கிக் கூரைமேல் கட்டிவிட்டாள். கரை நெடுக நனைந்து கறுத்த மரங்கள். பனி, விழும் சத்தம்கூட இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் அடுப்பின் சீறலையும், படகின் வயிற்றில் தண்ணீர் நக்கும் சத்தத்தையும், தன் மூச்சையும் தவிர வேறெதுவும் கேட்காத அந்த அமைதியில், பல நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. புகைபோட்ட சால்மன் துண்டு ஒன்றை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டாள். ஜன்னல் சாம்பலாகி, நீலமாகி, கறுத்தது.

படகு அமுங்கியது.

வலப்பக்கம்.

துப்பாக்கியை எடுத்துக் கதவைக் குறிபார்த்தாள். இந்த எடை அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் இந்த எடை ஏறுவதை உணர்ந்துதான் அடுப்பில் காபி வைத்திருக்கிறாள். கதவிடுக்கில் சேற்று வாடை நுழைந்தது.

"ஹால்வர்?"

ஈரமான அடிகள் இரண்டு. வெளிச்சுவரில், கதவை ஒட்டி, 'டக்' என்று ஒரு சத்தம். இரும்பு ஆணியில் இரும்பு மாட்டும் சத்தம்.

படகு நிமிர்ந்தது. போய்விட்டான்.

எவ்வளவு நேரம் நின்றாளோ. கடைசியில் கதவைத் திறந்தாள். மேல்தளத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. தடம் எதுவும் இல்லை. ஆணியில் துப்பாக்கி தொங்கியது. துரு செதில் செதிலாய்ப் பெயர்ந்திருந்தது, குழல் முழுக்கச் சிப்பி. முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படகு மறுபடி அமுங்கியது. இது ஏறும் எடை இல்லை. இழுக்கும் எடை.

விளிம்பின் கட்டையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அவள் கட்டவில்லை. விறைத்து நேராகக் கீழே போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தொய்ந்தது. கீழே இருப்பது தானாக மேலே வருகிறது.

"வராத," என்றாள். "தயவுசெஞ்சு வராத. எனக்குத் தெரிய வேணாம்."

கறுத்த தண்ணீருக்கடியில் ஒரு வெளுப்பு. அகலமாக. இன்னும் மேலே. புதுத் துப்பாக்கி எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது பழையது. ஈரம். பனிக்கட்டியின் குளிர்.

வெளுப்பு தண்ணீரைப் பிளந்து எழும்பியது. அதன் நடுவில் சல்லடைபோல ஓட்டைகள். குண்டு பாய்ந்த இடம். அவள் குறி தப்பியிருக்கவில்லை.

பிறகு அது மெதுவாகப் புரண்டது. பழுப்பு முகம். கண் இரண்டும் ஒரே பக்கத்தில். ஹால்வரின் நீலக் கண்கள். அவளை அடையாளம் கண்டுகொண்ட கண்கள்.

வாய் கோணலாகத் திறந்தது.

"இப்ப, பெரிட்."

அவள் விரல் யோசிக்கவில்லை.

வெடிச்சத்தம் அடங்குவதற்குள், நுரைக்கு அடியிலிருந்து, அடுத்த வெளுப்பு மேலே வரத் தொடங்கியிருந்தது.