பரிசைத் தொடாதே!

அறிவியல் டீச்சர் நல்லது செய்யப் போய்த்தான் அன்றைக்கு வகுப்பே தலைகீழானது.

ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பெட்டி நிறைய, விரலால் தொட்டு எழுதும் டேப் வந்திருந்தது. டீச்சர் இணையத்தில் தேடித் தேடி, காசு கேட்காத ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் அவரவர் டேப்பில் வரையலாம், எழுதலாம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வகுப்புச் சுவரில் உள்ள பெரிய திரையில் தெரியும்.

தளம் ஆங்கிலத்தில் இருந்தது. அன்று காலை அதன் ஒரு மூலையில் 'தமிழ்' என்ற சொல் டீச்சரின் கண்ணில் பட்டது. அவருக்கு வாயெல்லாம் பல். உடனே அழுத்திவிட்டார்.

"பிள்ளைங்களா, இனிமே எல்லாமே நம்ம மொழியில! ஆளுக்கு ஒரு டேப் எடுங்க. எறும்புப் புற்று வரையப் போறோம். ஆளுக்கு ஒரு அறை."

பிள்ளைகள் வரைந்தார்கள். வரையும் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

"டீச்சர்!" என்று முதலில் எழுந்தவன் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பெயர். "நான் வரைஞ்சு முடிச்சிட்டேன். ஆனா என்னைச் சரணடையச் சொல்லுது."

"என்னது?"

"பாருங்க, 'சரணடை'ன்னு போட்டிருக்கு. நான் ஏன் சரணடையணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"என்னுதுலயும் இருக்கு டீச்சர்!"

"எனக்கும்!"

"யாரும் சரணடையாதீங்கடா!" என்று வக்கீல் கையை உயர்த்தினான். வகுப்பே மேசையைத் தட்டியது.

பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல். "டீச்சர், இங்க 'முதுகு'ன்னு இருக்கு. யாரோட முதுகு?"

டீச்சர் தன் கணினியைப் பார்த்தார். அதிலும் முதுகு இருந்தது. பக்கத்தில் 'அருகில்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் படம் கிட்டே வரும் என்று நினைத்தார். அழுத்தினார். பக்கமே மூடிக்கொண்டது. மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

"பழையபடி ஆங்கிலத்துக்கே மாத்திடுங்களேன் டீச்சர்."

"மாத்துற இடத்தைத்தான்டா தேடிட்டிருக்கேன். அது எங்க போய் ஒளிஞ்சிக்கிச்சோ தெரியல." டீச்சரின் மூக்கு சிவந்துவிட்டது. மூன்றாம் பீரியடுக்குத் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வரப்போகிறார். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு பெட்டி டேப். ஏழாம் வகுப்பும் அதைக் கேட்கிறது. இன்றைய பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி யாருக்கு என்று முடிவு.

பெட்டி போய்விடுமோ என்று சுண்டெலி பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பிலேயே உயரம் குறைந்தவள் அவள். டேப் போனால் அவளுக்கு ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூட்டுக்குத்தான் நஷ்டம்.

பூட்டு அவளுடைய சித்தி மகள். வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் சித்தப்பா காதைப் பொத்திக்கொள்வார். வகுப்புக்குள் நுழைந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். கேள்வி கேட்டால் கண் கலங்கிவிடும். ஆனால் டேப்பில் எழுதினாள்! போன வாரம் அவள் எழுதிய ஒரு வரி பெரிய திரையில் வந்தபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூட்டு குதித்துக்கொண்டே போனாள்.

இப்போது பூட்டு சுண்டெலியின் கையைக் கிள்ளினாள்.

"என்னடி?"

பூட்டு டேப்பைத் திருப்பிக் காட்டினாள். திரை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"உன் ராணி அறை எங்க?"

பூட்டு ஒரு பொத்தானைக் காட்டினாள். 'தெளிவு' என்று எழுதியிருந்தது. கோடுகள் மங்கலாக இருக்கிறதே, தெளிவாகட்டும் என்று அழுத்தியிருக்கிறாள். மொத்தமும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அவள் உதடு துடித்தது.

"அழாதே. இரு, இரு." சுண்டெலி திரையை உற்றுப் பார்த்தாள். தெளிவு என்றால் துடைப்பதா? ஒருவேளை சரிதான். கரும்பலகையைத் துடைத்தால் பளிச்சென்று தெளிவாகத்தானே இருக்கும்? அப்படியென்றால் சொல் முழுத் தப்பு இல்லை. எங்கேயோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

"பூட்டு, முதுகு எங்கடி இருக்கும்?"

பூட்டு தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

"அதான். பின்னாடி! பின்னாடி போறதுக்குத்தான் இந்த முதுகு."

அழுத்தினாள். வெள்ளைத் திரையில் ராணி எறும்பு, அதன் மெத்தை, தலையணை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பூட்டு மூச்சை இழுத்து விட்டாள்.

சுண்டெலி டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், இதை யாரும் யோசிச்சு மாத்தல போல. ஆத்துல குளிச்சேன்னு ஒருத்தர் சொன்னா, ஆறுன்னா அஞ்சுக்கு அடுத்ததுன்னு எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. இந்தச் 'சரணடை' முன்னாடி என்னவா இருந்தது?"

"சப்மிட்." டீச்சர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட! ஒப்படைக்கிறதுக்கும் அதே வார்த்தை, சரணடையிறதுக்கும் அதே வார்த்தை! மூடுற 'க்ளோஸ்'தான் 'அருகில்' ஆயிருக்கு! எல்லாரும் சரணடைங்க பிள்ளைங்களா, ஒண்ணும் ஆகாது!"

மேசைகளில் டிக் டிக் என்று சத்தம். வக்கீல் மட்டும் விரலை நீட்டியபடி நின்றான்.

"நான் ஒப்படைக்கிறேன், அவ்வளவுதான். சரணடையல. எல்லாரும் சாட்சி."

"சாட்சி, சாட்சி. அழுத்துடா!"

அவன் அழுத்தியதும் கதவு திறந்தது.

"என்ன சத்தம் இங்கே?" பெரிய டீச்சர் சாதாரணமாகக் கேட்டாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். "பாடம் எங்க? சுவர்ல ஒண்ணையும் காணோமே?"

"இதோ வருது டீச்சர்," என்றார் அறிவியல் டீச்சர். எல்லாருடைய அறைகளும் அவர் கணினிக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சுவருக்கு அனுப்புவது எப்படி? அவர் திரையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய பொத்தான். 'பரிசு.'

பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். "பரிசா? தொடாதீங்க! பரிசுன்னு எது வந்தாலும் ஏமாத்து வேலைன்னு நானே காலைக் கூட்டத்துல சொல்லியிருக்கேன். இதுக்குத்தான் இந்த ஓசித் தளமெல்லாம் வேண்டாம்கிறது. பெட்டியை ஏழாம் வகுப்புக்கே குடுத்துடலாம்."

பூட்டு குனிந்துகொண்டாள். டீச்சரின் விரல் அந்தரத்தில் நின்றது.

பரிசு. பரிசு. சுண்டெலி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பரிசு எங்கே கிடைக்கும்? பந்தயத்தில். பிறந்தநாளில். பிறந்தநாளுக்கு... அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"பெரிய டீச்சர்! நீங்க பேர் கூப்பிட்டா நாங்க என்ன சொல்லுவோம்?"

"இது என்ன கேள்வி? பிரசன்ட்னு சொல்லுவீங்க."

"பிறந்தநாளுக்குப் போனா என்ன வாங்கிட்டுப் போவோம்?"

"பிரசன்ட்..." பெரிய டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது.

"எங்க டீச்சர் தினமும், 'இப்போ பிரசன்ட் பண்ணறேன், சுவரைப் பாருங்க'ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பிரசன்ட்டுதான் இந்தப் பரிசு!"

பெரிய டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பாப் போச்சுன்னா?"

"முதுகு இருக்கு டீச்சர்."

பெரிய டீச்சர் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றார்.

அறிவியல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

சுவர் முழுக்க எறும்புப் புற்று விரிந்தது. மேலே வாசல், கீழே வளைந்து வளைந்து பாதைகள், பாதைக்குப் பாதை அறைகள். ஓர் அறையில் குட்டி எறும்புகள் ஊஞ்சல் ஆடின. வக்கீலின் அறையில் இரண்டு எறும்புகள் ஒரு சர்க்கரைத் துண்டுக்காக வழக்காடிக்கொண்டிருந்தன. குப்பை அறையைக் கூட ஒருத்தி பெருக்கி வைத்திருந்தாள்.

பெரிய டீச்சர் சுவருக்குப் பக்கத்தில் போனார். எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது ராணியின் அறை. அதன் வாசலில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்.

"ராணி இப்போதுதான் தூங்கினார்! தயவுசெய்து எல்லாரும் மெதுவாக..."

பாதியிலேயே குரல் இறங்கியது.

"...பேசவும்," என்று மூச்சுக்காற்றில் முடித்தார். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டது. "இது யார் எழுதினது?"

சுண்டெலி பக்கத்து இடத்தைக் காட்டினாள். பெரிய டீச்சர் பூட்டை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண்ணின் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு அறிவியல் டீச்சரின் காதருகே குனிந்தார். "பெட்டி இங்கேயே இருக்கட்டும். ஏழாம் வகுப்புக்கு வேற ஒண்ணு கேட்டுப் பாக்கறேன்."

"ஏன் டீச்சர் குசுகுசுன்னு பேசறீங்க?" என்றான் வக்கீல்.

"உஷ்! ராணி முழிச்சுக்குவாங்கடா."

பூட்டின் விரல்கள் டேப்பில் ஓடின. ராணியின் அறைக்குள் ஒவ்வோர் எழுத்தாகப் புது வரி முளைத்தது. 'ராணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நன்றி டீச்சர்.'

பெரிய டீச்சர் அதை மனசுக்குள் படித்தார். தலையை ஆட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.