எட்டாவது அடுக்கு

கல்லடி பட்ட ஃபைபர் தொட்டியில் அடி விழுந்த பக்கம் சின்னப் புள்ளியாகவும், மறுபக்கம் கையகல வெண்விரிசலாகவும் இருக்க வேண்டும். இந்தத் தொட்டியில் வெளிப்பக்கம்தான் வெண்மை விரிந்திருந்தது. தங்கையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அப்படியேதான் இருந்தது.

"சங்கத்துக்காரப் பயலுவ எறிஞ்ச கல்லு. அப்புடியே எழுதிக் குடு தம்பி, மிச்சத்த போலீசு பாத்துக்கும்" என்றார் மில் முதலாளி சாம்பசிவம்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார் பட்டத்தை உதறிவிட்டு, நிலத்தை இந்த அரிசி மில்லின் பேரில் ஒளித்துக்கொண்டவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைக் கலை. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் இருபது நாளைக்கு முன்னால் வேலைநிறுத்தமும் கைகலப்பும் நடந்தன. அன்று சாயங்காலத்திலிருந்து சங்கத் தலைவர் மருதையனைக் காணவில்லை. போலீசுக்குப் பயந்து வேளாங்கண்ணிப் பக்கம் ஓடிவிட்டதாக நீடாமங்கலம் கடைத்தெரு முழுக்கப் பேச்சு.

மருதையன், தங்கையனின் அக்கா புருஷன். தொட்டிக் கம்பெனி அனுப்பிய பரிசோதகன் அவருடைய மச்சினன் என்று சாம்பசிவத்துக்குத் தெரியுமா, தெரிந்தே நடிக்கிறாரா? தங்கையனுக்குப் பிடிபடவில்லை.

"தண்ணி எப்ப வடிச்சீங்க, சார்?"

'ஐயா' வராததைச் சாம்பசிவம் கவனித்தார். "காலையிலதான்."

"சண்ட நடந்த அன்னிலேருந்து ரொம்பியே இருந்துச்சா?"

"கல்லடிக்கும் தண்ணிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லைதான். அதற்கு ஏன் குரல் ஏற வேண்டும்?

தங்கையன் ஏணியில் ஏறி மேல்மூடியைத் திறந்தான். ரெசின் பசையும் பாசியும் கலந்த வெதுவெதுப்பான நாற்றம் முகத்தில் அடித்தது. உச்சி வெயில் அந்த மஞ்சள் சுவர் வழியே உள்ளே கசிந்து, தேங்காயெண்ணெய் நிறத்தில் தேங்கி நின்றது. அடியில் ஒன்றுமில்லை, காய்ந்துகொண்டிருந்த சேறு மட்டும். எதைப் பார்க்கப் பயந்து ஏறினானோ அது இல்லை என்றதும் மூச்சு வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. பிறகுதான் சுவரைக் கவனித்தான். ஆள் தோள் உயரத்தில், வரிசையாக, மடக்கிய விரலின் மொளி அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். அடி உள்ளேயிருந்து விழுந்திருந்தது.

ஏணியிலிருந்து இறங்கினான். தொட்டியின் மறுபக்க நிழலில் அக்கா அம்சம், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தம்பி என்ன எழுதப்போகிறான் என்று பார்க்கவே, வேலை நின்றுபோன மில்லுக்கு நடந்து வந்திருந்தாள்.

"கல்லுன்னு நீ எழுதிட்டா ஒங்க மச்சான் திரும்பி வந்தாலும் ஜெயிலுதான்டா" என்றாள் மெதுவாக. "வருவாரில்ல?"

தங்கையன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். தொட்டிச் சுவர் எட்டு அடுக்கு. நாணயத்தால் தட்டினால், அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று பேசும். விட்டுப்போன இடம் டொப் என்று செத்த குரலில் பேசும். தட்டத் தட்ட வெண்மை இருந்த இடமெல்லாம் செத்த குரல்தான். ஏழு அடுக்கு போயிருந்தது. வெளித்தோலான எட்டாவது மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

டக்.

காலித் தொட்டி வெயிலில் சொடுக்குவது சகஜம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்த மாதிரி விரிசல்கள் கிட்டத்தட்ட ஒரே இடைவெளி விட்டுத்தான் வரும். கடைசி விரிசலிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம், நல்ல சுவரில், சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டான். அடுத்தது இங்கே.

டக்.

பெருக்கல் குறியின் நடுவில் வெண்மை விரிந்தது. கணக்கு சரியாக வந்த சந்தோஷம் முதலில் வந்தது. பயம் ஒரு நொடி பிந்தியே வந்தது.

இன்னொரு சாண். குறி போட்டான். டக்.

இன்னொன்று. டக்.

எல்லாம் ஒரே உயரம், ஒரே திசை. இருட்டில் சுவரைத் தடவித் தடவி வழி தேடுகிற ஆளைப் போல அது தொட்டியைச் சுற்றி நகர்ந்தது. இப்போது சாக்கட்டி தேவைப்படவில்லை. எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. நிழல் பக்கம் ஓடினான். அவனுக்கு இணையாக, உள்ளேயிருந்து, டக், டக், டக்.

"அக்கா, எந்திரி!"

அவள் எழுந்துதான் நின்றிருந்தாள். சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"முதுகுல தட்டுனாருடா" என்றாள். இருபது நாளாக அவள் முகத்தில் இல்லாத வெளிச்சம் இப்போது இருந்தது. "உள்ளதான் இருக்காரு."

"உள்ள யாருமில்லக்கா. நான் பாத்தேன்."

அவள் கேட்கவில்லை. விரல் மொளியால் கதவைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினாள்.

உள்ளே இரண்டு தட்டு கேட்டது.

"என்ன அங்க சத்தம்?" என்று வந்த சாம்பசிவம் பாதியில் நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. திரும்பி, மில் கேட்டைப் பார்த்து நடந்தார். பிறகு ஓடினார். மச்சானுக்கு இங்கே என்ன ஆனது என்று இந்த ஆளுக்குத் தெரியும் என்று தங்கையனுக்கு உறுதியானது. ஆனால் அவரைத் துரத்த நேரமில்லை.

அக்காவின் முகத்துக்கு நேரே வெண்மை விரிந்துகொண்டிருந்தது. ஐந்து கோடுகள். விரல்கள்.

எட்டாவது அடுக்கு எப்போது போகும் என்று அவன் மனம் தானாகவே கணக்குப் போட்டது. இன்னும் ஒரு தட்டு.

"தட்டாத அக்கா. வேண்டாம்."

அம்சம் தட்டினாள்.

சுவர் உடையவில்லை. துணியைப் போலப் புடைத்தது. வெளுத்த உள்ளங்கை ஒன்று எட்டாவது அடுக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே நீண்டு, அவள் கன்னத்தை ஏந்தியது. அவள் கண்ணை மூடி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாள்.

கணக்கு பொய்த்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதற்காகத் தங்கையன் சந்தோஷப்பட்டான். கிட்டே போனான். மச்சான் என்று கூப்பிட வாயெடுத்தான்.

அம்சத்தின் அழுகை நின்றது. கண் திறந்தது. தலையை அசைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தம்பி" என்றாள், உதடு மட்டும் அசைய. "இது அவரு கை இல்லடா."

விரல்கள் மடங்கின.