எழுபத்தேழில் ஒரு கார், இரண்டு பலகை!

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இந்தக் காருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது!

உலகத்துக்கே மொத்தம் எழுபத்தேழு. அதில் நாற்பத்தொன்றாவது இதோ, இந்தக் கொட்டகையில், பளிங்குத் தரையில். கொட்டகைக்கு ஏசி உண்டு. காருக்குக் கிடையாது.

அதன் முன்சக்கரத்தருகே மண்டை பிளந்து கிடந்தார் முதலாளி.

உள்ளே நுழைந்த மெக்கானிக், முதலாளி வைத்த செல்லப்பெயர் கிரீஸ், ஒரு கணம் உறைந்தான். அடுத்த கணம் பம்பரில் தெறித்திருந்த ரத்தம் கண்ணில் பட்டது.

ஐயோ... பெயின்ட்!

மூன்று வருடப் பழக்கம். இடுப்பில் செருகியிருந்த துடைதுணியை உருவி அழுத்தி ஒரு துடை துடைத்தான்.

"சாட்சியத்தையா துடைக்கிறே!"

பளார்!

கிரீஸின் உதடு கிழிந்தது. எதிரே இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவருக்கும் பின்னால் கர்ச்சீப்பும் கண்ணுமாக முதலாளியின் மைத்துனன். கார் ஷோரூம் வைத்திருப்பவன். போலீசுக்கு ஃபோன் செய்தவனும் அவன்தான்.

"ஐயா... ஏழு கோட்டு பெயின்ட்டுங்க... ரத்தம் பட்டா கறை போகாதுங்க..."

"உங்க முதலாளி மண்டை எத்தனை கோட்டுடா?"

கான்ஸ்டபிள் தரையிலிருந்து ஒரு வீல் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ரத்தமும் முடியும். பிடியில் வெள்ளை எழுத்தில்... கிரீஸ்!

"உன்னுதா?"

"என்னுதுதாங்க. ஆனா நான் மூணு மணிக்கே தச்சுப் பட்டறைக்குப் போயிட்டேன். அஞ்சுக்குக் கிளம்பினேன். வழியில வேன் நின்னுபோச்சு. ஆறரைக்கு, இப்பதான் வர்றேன்..."

"மெக்கானிக் வண்டியே நின்னுபோச்சா! பேஷ்! தூக்குல போடும்போது கயிறு அறுந்து போச்சுன்னும் சொல்வே."

விலங்கு மாட்டினார். கிரீஸின் கழுத்து தானாகவே ஒருமுறை வலித்தது.

மைத்துனன் விசும்பினான்.

"நாலரைக்கு அத்தான் இந்தக் காரை எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போனார் சார்... கேட்ல நின்னு கை காட்டினேன். சிரிச்சுக்கிட்டே போனார்... திரும்பி வந்தவரை இந்தப் பாவி..."

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார்.

"என்ன விலை?"

மைத்துனனின் கண்ணீர் சட்டென்று நின்றது. துக்கம் வேறு, வியாபாரம் வேறு!

"சாதா மாடல் மாதிரி ரெண்டு மடங்கு சார். நான்தான் வித்தேன். ஒவ்வொரு காசுக்கும் தகும்! மூணே செகண்ட்... நூறு கிலோமீட்டர் வேகம்!"

"சாதா மாடல்?"

"அது... மூணேகால் செகண்ட்."

"கால் செகண்டுக்கு இன்னொரு காரோட விலையா?"

"லிமிடெட் எடிஷன் சார்! அது ஒரு உணர்ச்சி!"

கிரீஸ் தொண்டையைச் செருமினான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று முதலாளி சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் சத்தியத்தைக் காப்பாற்றினால் கழுத்தைக் காப்பாற்ற முடியாது.

"ஐயா... அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நாலரைக்குப் பலகையை யாரு போட்டா?"

"எந்தப் பலகை?" என்றான் மைத்துனன்.

"கேட்டீங்களாய்யா! அவருக்குத் தெரியல!"

"எனக்கும்தான் தெரியலை. விளங்கச் சொல்லுடா."

"கேட்டைத் தாண்டினா வேகத்தடைங்க. இந்தக் கார் வயிறு தரையோட தரையா இருக்கும். ஏறாது. தினமும் விடியறதுக்குள்ள, தெருவுல ஆள் வர்றதுக்கு முன்னாடி, நான் ரெண்டு பலகையைத் தலையில சுமந்துக்கிட்டு முன்னாடி ஓடுவேன். போடுவேன். முதலாளி தாண்டுவார். எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஓடுவேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னார்."

"சரி, அதுக்கென்ன?"

"நேத்து பலகை விரிஞ்சுபோச்சு. மூணு மணிக்குப் பழசை வேன்ல ஏத்திக்கிட்டுப் போய், பட்டறையில புதுசு செஞ்சு வாங்கினேன். ரெண்டு ஜோடியும் இப்ப என் வேன்லதாங்க இருக்கு!"

கான்ஸ்டபிள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார். நான்கு பலகைகள்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"கார் கேட்டைத் தாண்டவே இல்லை. நாலரைக்கு நீங்க யாருக்கு சார் கை காட்டினீங்க?"

மைத்துனனின் முகம் கோணியது.

அடுத்த நொடி... கான்ஸ்டபிளின் கையிலிருந்த ஸ்பேனர் அவன் கையில்!

மடேர்!

கான்ஸ்டபிளின் தாடை திரும்பியது. இரண்டு பற்கள் பளிங்குத் தரையில் உருண்டோடின. இரண்டாவது வீச்சு இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில். எலும்பு முறியும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. அவர் உருவிய துப்பாக்கி எங்கோ பறந்தது.

"வெல ஏறுமே தவிர இறங்காதுன்னு சொல்லித்தான்யா வித்தேன்! இன்னிக்குக் காலைல கம்பெனிக்காரன் இன்னொரு எழுபத்தேழு விடுறேன்னு சொல்லிட்டான்! ஏமாத்திட்டே, உன்னை உள்ளே தள்றேன்னார் அத்தான்! என்னை! சொந்த மச்சானை!"

கிரீஸின் வயிற்றில் ஓர் உதை. மைத்துனன் காருக்குள் பாய்ந்தான். இன்ஜின் உறுமியது. பின்சக்கரம் அத்தானின் காலில் கடகடவென்று ஏறி இறங்கியது. கொட்டகையை விட்டுச் சீறியது கார்!

"ஜீப்பை எடுங்கய்யா!" கையைப் பிடித்துக்கொண்டு அலறினார் இன்ஸ்பெக்டர்.

கிரீஸ் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"எதுக்குங்க டீசல் வேஸ்ட்டு? நடந்தே போகலாம்."

படார்!!!

மைத்துனன் அந்தக் காரை விற்றிருக்கிறானே தவிர, ஒருநாளும் ஓட்டியதில்லை. வேகத்தடையில் கார் வயிறு கிழிந்து நின்றது. கருப்பு ரத்தமாய் ஆயில் ஓடியது. பெல்ட் போடாத மைத்துனன் மட்டும் நிற்கவில்லை. கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு பறந்து, எதிரே இருந்த 'மெதுவாகச் செல்லவும்' கம்பத்தில் கழுத்தை முறித்துக்கொண்டு தொங்கினான்.

இன்ஸ்பெக்டர் ஒற்றைக் கையால் கிரீஸின் விலங்கைக் கழற்றினார்.

"சாதா மாடலா இருந்திருந்தா?"

"மூக்கைத் தூக்கிவிட ஒரு பட்டன் உண்டுங்க. தாண்டிப் பறந்திருப்பார். இதுல எடை குறைக்கிறோம்னு அதைப் பிடுங்கிட்டாங்க. ஏசி, பின்சீட்டு, ரேடியோ எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க."

"பிடுங்கினதுக்கா ரெண்டு மடங்கு விலை?"

"பிடுங்குற கூலி ஜாஸ்திங்க."

இன்ஸ்பெக்டர் வேகத்தடையை வெறித்தார். முழங்கால் உயரம்!

"எவன்யா இங்க இவ்வளவு பெருசா கட்டச் சொன்னது?"

கிரீஸ் தலையைச் சொறிந்தான்.

மனு கொடுத்தவர் முதலாளி. மற்ற வண்டிகள் வேகமாகப் போனால் அவருடைய காரில் தூசி படியுமாம்.