துணைக்குத் தெரிவிக்கும் விதி

காலை எட்டரைக்கு, அலுவலகம் போகும் வழியில், அங்கயற்கண்ணியின் இடது புஜத்தில் சுரீரென்று சூடு பரவியது. தோலுக்கடியில் அரிசியளவில் பதிந்திருந்த காப்புமணி விழித்துக்கொண்டது. எச்.ஐ.வி. கிருமி உடலில் நுழைந்ததும் மோப்பம் பிடித்து, அது வேரூன்றுமுன் இருபத்தெட்டு நாள் மருந்தைக் கசியவிடும் கருவி அது.

வண்டியை ஓரங்கட்டினாள். கணவன் இளவழகனைத் தவிர அவள் வாழ்வில் வேறு ஆள் இல்லை.

அந்த நொடியே அவனுக்கும் சேதி போயிருக்கும். ஒருவரின் மணி விழித்தால் அது தானாகவே துணைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சுகாதாரத்துறையில் உட்கார்ந்து அதை எழுதியவளே அவள்தான். மறைப்பதால்தான் நோய் பரவுகிறது என்று வாதாடி ஜெயித்திருந்தாள்.

அவள் மருத்துவமனைக்குப் போனபோது இளவழகன் வாசலில் நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"உங்க மணி ஏன் விழிக்கலை?" என்றாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி... கோயம்புத்தூர்ல. ஒரே ஒரு தடவை, கண்ணி."

"நான் அதைக் கேக்கலை."

"போறதுக்கு முன்னாடியே மணியை அணைச்சுட்டேன். செல்போன் கடையில செஞ்சு தர்றாங்க."

"எதுக்கு?"

"விழிச்சா உனக்குச் சேதி வந்துடுமே."

அறையவேண்டும் போலிருந்தது. அவனைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

டாக்டர் பர்வீன் இருவருக்கும் இரத்தம் எடுத்தார். அங்கயற்கண்ணியின் மணி சரியான நேரத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. இளவழகனுக்குத் தொற்று உறுதி. "தினமும் மாத்திரை போட்டா நல்லபடியா வாழலாம். ஆனா எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா, தொற்றாமலே தடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவன் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனான்.

கதவு சாத்தியதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மணியை அணைச்சுட்டு வந்தவங்கள்ல இவர் இந்த மாசம் பதினாலாவது ஆள், மேடம். விதி வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட அணைச்சதில்லை."

"அந்தப் பதிமூணு பேரோட துணைங்க? அவங்க மணியாவது காப்பாத்துச்சா?"

"ஏழு பேரைக் காப்பாத்துச்சு."

"மத்த ஆறு பேர்?"

"அவங்களும் அணைச்சு வெச்சிருந்தாங்க, மேடம்."

"அவங்க ஏன்?"

டாக்டர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அவங்க மணி விழிச்சாலும் துணைக்குத்தானே சேதி போகும்?"