முள்ளை ஒதுக்காத திருடன்

மேசை மேல் தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. அதன் மேல் இருக்க வேண்டிய கம்ப்யூட்டரைக் காணோம்.

சனிக்கிழமை, நண்பகல். கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணன் மாடி அறையைத் திறந்தவர், அந்தச் சதுரத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். பின்னால் படியேறி வந்த அண்ணி எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா கத்திரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அரை மணியில் தங்கை வந்து சேர்ந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவளுக்கு நஷ்டத்தை அளக்கிற வேலை. எரிந்துபோன கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு என்று போய், எது நிஜம், எது ஜோடனை என்று பிரித்துச் சொல்வாள். ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அன்றைக்கு என்னவோ அந்தக் கண்ணாடியே கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. காணாமல் போனது அவள் தூக்கி வளர்த்த அண்ணன் மகளுடையது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காயலான் கடையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து, துரு சுரண்டி, உப்பிப்போன பாகங்களை மாற்றி, உயிர் கொடுத்து வைப்பது அவருக்குப் பிடித்த வேலை. அறையைச் சுற்றி ஏழெட்டு நின்றன. அவற்றை யாரும் தொடவில்லை. நடுவில் இருந்த ஒன்று மட்டும்தான் போயிருந்தது.

அதில்தான் அவர் மகள் சின்ன வயதில் ஒரு விளையாட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை அது நினைத்துக்கொள்ளும். பத்துத் தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். "அப்பா, மறுபடியும் ஆடலாமா?" என்று ஆங்கில எழுத்தில் தமிழாகக் கேட்கும். பதினாலு வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் அண்ணன் ஓர் ஆட்டம் ஆடுவார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் மகள் இன்னும் பேசுவது அந்த ஒரு பெட்டி வழியாகத்தான்.

பூதக்கண்ணாடி எதையும் தொடாமல் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. திரையின் ஒயர் அழகாகச் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. அந்த ஒயரின் முனையில், கழற்றிய இரண்டு திருகாணிகளும் தொலையாமல் அதனதன் துளையில் திருகியிருந்தன. சுவரில் அண்ணனின் கொட்டை எழுத்து: "முள்ளை ஒதுக்காமல் நகர்த்தாதே."

"இது என்னண்ணா?"

"பழைய டிஸ்க்கு, கிராமபோன் தட்டு மாதிரிம்மா. மேல ஒரு முள்ளு ஓடும். நகர்த்துறதா இருந்தா சுவிட்சைப் போட்டு, கட்டளை கொடுத்து, முள்ளை ஓரமா ஒதுக்கணும். இல்லேன்னா தட்டைக் கீறிடும். எழுதினது எல்லாம் போயிடும்."

"நேத்து ராத்திரி ஒதுக்கினீங்களா?"

"நகர்த்தறப்போதான் ஒதுக்குவேன். நேத்து எதுக்கு?"

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. ஆணிகிட்ட. வெள்ளைகிட்ட." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. இருவரும் இதே பைத்தியம் பிடித்த சிநேகிதர்கள். இருபது வருஷப் பழக்கம்.

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "திங்கட்கிழமை காலேஜ்லேர்ந்து ஒருத்தர் வந்து, பிரிச்சுப் பார்த்து, நகல் எடுத்துத் தர்றதா இருந்தது. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொன்னேன். அதுக்குள்ள எந்தப் பாவி..."

படியில் நின்ற தையல்காரம்மாவிடம் பூதக்கண்ணாடி திரும்பினாள்.

"காலையில எதாவது சத்தம் கேட்டுச்சா?"

"யாரோ நடந்தாங்க. அய்யாதான்னு நினைச்சேன்."

"மெஷினைப் போட்ட சத்தம்?"

"அதைப் போட்டா என் தலைக்கு மேல விமானமே ஏறுமே! என் தையல் மெஷின் வெட்கப்பட்டு நின்னுடும். இன்னிக்கு ஏறலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏறலைன்னா ஏறலைம்மா. ஊசியில நூல் கோக்கிறவளுக்குக் காது இருக்காதா?"

பிற்பகல் இரண்டு மணி. வெள்ளையின் சலூன். மஞ்சளாகிப்போன பழைய பிளாஸ்டிக்கில் முடிக்குப் போடும் ப்ளீச் கிரீமைத் தடவி, வெயிலில் வைத்து, பளீரென்று ஆக்கிவிடுவான். அதனால்தான் வெள்ளை. போன வாரம் இந்த மெஷினையும் கேட்டு, அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். மூணு தலை. வேணும்னா அந்த மூணு தலையையும் கூப்பிட்டுக் கேளுங்கக்கா."

"சண்டை போட்டீங்களாமே?"

"மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு, ஒரு பூச்சு பூசறேன்னு சொன்னேன். பாப்பா தொட்ட நிறத்தை மாத்தறியாடான்னு குதிச்சிட்டாரு. என்கிட்ட எப்பவும் கொடுக்க மாட்டாரு. போன வருஷம் அது திக்கினப்பகூட ஆணிகிட்டதான் கொடுத்தாரு. பத்து நாள் அவன் கடையில இருந்தது."

"சரி, நீங்க அதைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"சுவிட்சைப் போடுவேன்."

"திருடறவன் எதுக்குச் சுவிட்சைப் போடணும்?"

வெள்ளை சீப்பைக் கீழே வைத்தான். "முள்ளை ஒதுக்காம தூக்கினா பாப்பா எழுதினது அழிஞ்சுடும்க்கா. திருடனா இருந்தாலும் அதுக்குக் கை வருமா?"

அவள் வீடு திரும்பினபோது, சமையலறையில் அண்ணி ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"இறங்கலை." கையை நிறுத்தாமலே அவள் பேசினாள். "உனக்குத் தெரியுமா, முன்னெல்லாம் பாப்பா அவரை ஜெயிக்கவே விடமாட்டா. எத்தனை வருஷம்! தினம் தோத்துட்டுச் சிரிப்பாரு. இப்ப ஒரு வருஷமா தினம் அவருதான் ஜெயிக்கிறாரு. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, போகட்டும்னு விட்டுக்கொடுக்கிறா போல. எனக்கு அதைப் பார்த்தா மனசு நிறைஞ்சுபோகும்."

பூதக்கண்ணாடி அவள் கையிலிருந்து பாத்திரத்தை மெல்ல வாங்கி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மாலை நான்கு. ஆணி கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஆளும் ஆணி மாதிரிதான், ஒல்லி. ஒரு கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்தார்.

"வாம்மா. எதாவது தெரிஞ்சுதா?"

"மெஷினை எங்க வச்சிருக்கீங்க?"

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

"எடுத்தவன் ஒயரைச் சுருட்டிக் கட்டியிருக்கான். திருகாணியைத் துளையிலேயே திருகியிருக்கான். அந்நியத் திருடன் பிடுங்கிட்டு ஓடுவான். இவன் அதை நேசிக்கிறவன். ஆனா முள்ளை மட்டும் ஒதுக்கலை. விமானம் ஏறவே இல்லைன்னு தையல்காரம்மா சத்தியம் பண்றாங்க. சுவத்துல கொட்டை எழுத்துல இருக்கிறதை மறந்திருப்பானா? மாட்டான். ஒதுக்கி ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு அவனுக்குத் தெரியும். ஏன்னா அந்தத் தட்டுல இனி கீறறதுக்கு எதுவும் இல்லை."

ஆணி தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா அதைத் திறந்தது நீங்க. போன வருஷம், பத்து நாள். அதுக்கப்புறம்தான் அண்ணன் ஜெயிக்க ஆரம்பிச்சாரு. மனுஷங்க மனசு மாறும்ணா. எழுதி வச்ச கணக்கு தானா மாறுமா?"

"என் கையிலதான்மா செத்துப்போச்சு." அவர் விழுந்த லென்ஸை எடுத்துத் துடைத்தார். "என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட வரலை. அவருகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது, உங்க பொண்ணு ரெண்டாந்தடவை போயிட்டான்னு? அவரு ஆடறப்போ எத்தனையோ நாள் பின்னால நின்னு பார்த்திருக்கேன். அதை நினைவு வச்சு நானே எழுதினேன். நகம் அளவு மெமரி கார்டு ஒண்ணை உள்ள ஒளிச்சு, அதுல போட்டேன். பழைய டிஸ்க்குக்குக் கரண்டு மட்டும் கொடுத்தேன். சும்மா சுத்தும். அந்தச் சத்தம் இல்லாம அவரு இருக்க மாட்டாரே."

"திங்கட்கிழமை காலேஜ்காரர் பிரிச்சா..."

"உள்ள இருக்கிற கார்டு தெரிஞ்சுடும்." அவர் மேசைக்கு அடியிலிருந்து போர்வை சுற்றிய பெட்டியை எடுத்தார். ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார்.

வழியெல்லாம் பூதக்கண்ணாடி யோசித்துக்கொண்டே வந்தாள். எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேராக நஷ்டத்தைச் சொன்னவள்தான். இதை எந்த வாயால் சொல்வது?

அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே படுத்திருந்தாள். போர்வையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அண்ணா, இதுல இருக்கிறது..."

"தெரியும்மா. மெல்லப் பேசு."

இருவரும் திகைத்து நின்றார்கள்.

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. ஏழாவது தடவையில பிடிச்சிட்டேன். பாதிப் பாதியா வெட்டிட்டு வந்தா யாரும் பிடிக்கலாம். அவகிட்ட நடக்காது. நான் கிட்ட நெருங்கினதும் எண்ணையே மாத்திடுவா, திருட்டுக் கழுதை! அப்படித்தான் எழுதியிருந்தா. அவ இருக்கிறப்பவே ஒரு நாள் உள்ள போய்ப் பார்த்துட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அவகிட்டகூட."

"ஐயோ, எனக்கு அது தெரியாதே!" என்றார் ஆணி. "நான் நேர்மையா எழுதிட்டேனே!"

"நீ உத்தமன்டா. அங்கதான் மாட்டிக்கிட்ட."

"ஒரு வருஷமா ஏண்ணா வாயே திறக்கலை?" என்றாள் தங்கை.

"யார்கிட்ட திறக்க? இவன் கண்ணு முழிச்சு உக்காந்து எழுதியிருக்கான். உள்ள படுத்திருக்கிறவ, மக மனசு இறங்கிட்டான்னு நினைச்சு, இத்தனை வருஷம் கழிச்சுத்தான் ராத்திரி தூங்கறா. யாரோடதைப் பிடுங்கறது?"

ஆணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மாத்திடறேன். அரை மணி நேரம் போதும். அவ மாதிரியே உங்களை ஏமாத்தும்."

அண்ணன் பெட்டியைச் சுற்றிய போர்வையைத் தடவிக்கொடுத்தார். ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேணாம்டா" என்றார் கடைசியில்.

கதவு திறந்தது. தலை கலைந்து அண்ணி வந்தாள். பெட்டியைக் கண்டதும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷம் பிறர் பொய்யைப் பிடித்தே சம்பளம் வாங்கியவள் முன்னால் வந்தாள். "கிடைச்சுடுச்சு அண்ணி. நகல் எடுக்கிறதுக்கு முன்னால துடைச்சு வைக்கலாம்னு இவர் எடுத்துட்டுப் போயிருக்காரு. சொல்லிட்டுப் போக வேணாமா? நல்லாத் திட்டுங்க. இனி காலேஜ்காரர் வேணாம், நகலை இவரே எடுத்துத் தருவாரு."

அண்ணி திட்டினாள். "அறிவு இருக்கா உனக்கு? உசுரே போயிடுச்சு!" என்று ஆணியின் தோளில் இரண்டு அடி வைத்தாள். அந்தக் கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெட்டியை அதன் இடத்தில் வைத்து, ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். அண்ணன் உட்கார்ந்தார். அண்ணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஐம்பது. இருபத்தைந்து. முப்பத்தேழு. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே தொண்ணூறு என்றுகூட அழுத்திப் பார்த்தார். அது கள்ளம் தெரியாத கணக்கு. கொஞ்ச நேரத்தில் எண் அவர் கைக்கு வந்துவிட்டது.

"இன்னிக்கும் விட்டுக்கொடுத்துட்டாளா?" என்றாள் அண்ணி.

"விட்டுக்கொடுத்துட்டா" என்றார் அண்ணன், அவள் பக்கம் திரும்பாமல்.