ஜமீனும் லட்டும் பூந்தியும்

வெற்றிச்செல்விக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்தது. காரம் எதுவும் தின்னவில்லை. தம்பி அறிவரசனுக்கு மாமா கோழி வாங்கி வந்துவிட்டார், அதுதான் காரணம்.

அதுவும் எப்படிப்பட்ட கோழி! உத்திராபதி மாமா அரியலூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சேவலும் ஒரு பெட்டையும் எட்டிப் பார்த்தன. இரண்டும் புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பாதம் முழுக்க வெள்ளை இறகு. அவை நடந்தால் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

"இதுங்க எப்ப மாமா பெருசாவும்?" என்று கேட்டான் அறிவரசன்.

"ஆவாதுடா. இது பேன்டம் கோழி. இதான் முழு உசரம்."

அறிவரசன் குதித்த குதியில் பெட்டியே கவிழ்ந்தது. சேவலுக்கு லட்டு, பெட்டைக்குப் பூந்தி என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தான்.

சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது.

வெற்றியிடமும் கோழிகள் இருந்தன. முந்திரித் தோப்பை ஒட்டிய அந்த வீட்டில் பெருவிடைக் கோழிகளை வளர்ப்பவள் அவள்தான். நாட்டுக்கோழியிலேயே பெரிய ரகம் அது. அவற்றின் தலைவன் ஜமீன். உடையார்பாளையத்துப் பழைய அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த அன்று வைத்த பெயர். கழுத்தை நிமிர்த்தினால் அவள் இடுப்புக்கு வருவான். குஞ்சாக இருந்தபோது சளி பிடித்துக் கிடந்தவனுக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்துக் காப்பாற்றியது அவள்தான்.

அவனைப் பார்க்க ஒரு நாளாவது யாராவது வந்தது உண்டா?

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அத்தை வந்தார். வழியில் நின்ற ஜமீனை, "ச்சூ, தள்ளிப் போ!" என்று முந்தானையால் விரட்டினார். பிறகு லட்டுவின் முன்னால் உட்கார்ந்து, "அட என் ராசா! கால்ல பூ பூத்திருக்கே!" என்று கொஞ்சினார்.

வெற்றிக்கு அழுகையே வந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா சொன்னார். "வெற்றி, இதுங்களுக்கும் நீயே சேத்துத் தீனி போட்ரு. எல்லாத்துக்கும் ஒரே எடத்துல போடு. ஒண்ணாத் தின்னாத்தான் ஒண்ணாப் பழகும்."

அந்தப் பக்கத்தில் கோழி வளர்க்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வெற்றியும் வாசலில் கம்பை இறைத்தாள். லட்டு குடுகுடுவென்று ஓடி வந்தது. ஜமீன் அதன் கொண்டையில் நச்சென்று ஒரு கொத்து கொத்தினான். பெரிய பெட்டைகள் பூந்தியை மிதித்துத் தள்ளின. சின்னவை இரண்டும் கிணற்றடிச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டன. அவை வெளியே வந்தபோது வாசலில் ஒரு மணிகூட இல்லை.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வெற்றி சொல்லவில்லை.

'தெருவே உங்களைத்தான் கொஞ்சுது. அவங்களே வந்து சோறும் போடட்டும்' என்று நினைத்துக்கொண்டாள்.

தினமும் அதே கதைதான் நடந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பூந்தி சிறகைத் தொங்கவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. லட்டு கூவுவதையே நிறுத்திவிட்டது.

"இதுங்களுக்கு நம்ம வூடு ஒத்துவரல" என்றார் அப்பா. "ஞாயித்துக்கெழம மாமா வரட்டும். திருப்பிக் குடுத்து அனுப்பிடுவோம்."

அறிவரசன் வாயைத் திறக்காமல் அழுதான். வெற்றி உள்ளுக்குள் குதித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மறுபடியும் ஜமீன்தான் ராஜா!

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறிவரசன் டவுசர் பையிலிருந்து எதையோ எடுத்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அவித்த முட்டை. நசுங்கிப்போயிருந்தது.

"யாருக்குடா இது?" என்றாள் வெற்றி.

"பூந்திக்கு. முட்ட தின்னா தெம்பு வரும்னு டீச்சர் சொன்னாங்க."

"கோழிக்கே முட்டையா?"

அவன் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து வந்த ஜமீன் முட்டையை அவன் கையிலிருந்து கொத்திப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அறிவரசன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜமீனைத் திட்டவில்லை. அக்காவையும் திட்டவில்லை.

"அக்கா, கோழியப் பத்தி ஒனக்குத்தான் எல்லாம் தெரியும். பூந்திக்கு என்ன வேணும்னு நீயே கேட்டுச் சொல்லேன்."

வெற்றி பூந்தியைத் தூக்கினாள். கையில் கனமே இல்லை. கழுத்துக்குக் கீழே தீனிப்பை வெறுமையாக இருந்தது. நெஞ்செலும்பு விரலில் குத்தியது. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தேவையே இல்லை. முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

தனியாகப் போட்டாலும் ஜமீன் மோப்பம் பிடித்ததுபோல் வந்துவிடுவான். சின்னவற்றைக் கூண்டில் அடைத்தால் அவை வெளியே மேய முடியாது. அவள் பார்வை சுவரோரம் கிடந்த பஞ்சாரத்தின் மேல் விழுந்தது. கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடை அது.

"அறிவு, செங்கல் எடுத்தா!"

பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் இடைவெளி விட்டுச் செங்கல்லை நிறுத்தி வைத்தாள். உள்ளே கம்பும் தண்ணீரும் வைத்தாள். குள்ளமாக இருப்பவர்கள் மட்டும் நுழைகிற வீடு ரெடி!

ஆனால் முதலில் நுழைந்தது ஒரு பெருவிடைப் பெட்டை. படுத்துக்கொண்டே நகர்ந்து உள்ளே போய்விட்டது. உயரம் அதிகம். வெற்றி செங்கல்லைப் படுக்க வைத்தாள். இப்போது பெட்டையால் முடியவில்லை. ஜமீன் மட்டும் தலையை உள்ளே விட்டு ஒரே தூக்காகத் தூக்கினான். பஞ்சாரம் அவன் முதுகில் ஏறிக்கொண்டது. அவன் பயந்துபோய்ப் பஞ்சாரத்தோடு வாசலைச் சுற்றி ஓடினான். அதுவரை முகம் வாடியிருந்த அறிவரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெற்றி பஞ்சாரத்தின் நான்கு பக்கமும் கயிறு கட்டி, கயிற்று முனைகளில் கனமான கல்லைக் கட்டினாள். இந்த முறை அது அசையவில்லை.

லட்டு குனிந்து உள்ளே போனது. பூந்தி தயங்கித் தயங்கி அதன் பின்னாலேயே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

அப்பா வந்து பார்த்தார். "பஞ்சாரம் கோழிய உள்ள அடைக்கறதுக்குல்ல? நீ என்னா பண்ணி வச்சிருக்கே?"

"பெரியவங்களையெல்லாம் வெளியில அடைச்சிருக்கேம்ப்பா. ஒண்ணாத் தின்னா இதுங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல. எனக்கு மொதல்லயே தெரியும். நான்தான் சொல்லல."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு" என்று உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இறங்கும்போதே லட்டு கூவியது. ஊசிக் குரல்தான், ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்டது. பூந்தியைத் தூக்கிப் பார்த்த மாமா, "எது? இதையா திருப்பிக் கொண்டு போவணும்?" என்றார்.

"வேணாம்!" என்று கத்தியது அறிவரசன் மட்டும் இல்லை. வெற்றியும்தான்.

மாமா சிரித்தார். "அப்ப ஒனக்கும் ஒரு ஜோடி கொண்டாரட்டுமா, வெற்றி?"

வெற்றி வாசலைப் பார்த்தாள். சின்னவை இரண்டும் பஞ்சாரத்துக்குள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன. அம்மாக்கண்ணு அத்தை வேலியோரம் நின்று அவற்றைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். ஜமீன் மட்டும் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் மாமா" என்றாள்.

நேராகப் போய் அந்தப் பெரிய சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மடி கொள்ளவில்லை. அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே அவன் காதருகே மெல்லச் சொன்னாள்:

"கொஞ்ச நாளைக்கு வயிறு எரியத்தான்டா செய்யும். அப்பறம் பழகிரும்."