காயாத நீலம்

"கயிறு அவிழ்ந்துதான் ஓவியர் விழுந்தார்னு சொல்றாங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா சாரம் கட்டுறாரு, இவர் போட்ட முடிச்சு தானா அவிழ்ந்ததே கிடையாது."

சாரம் கட்டுபவரின் மனைவி நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். கணவர் காவல் நிலையத்தில் இருந்தார். குடியிருப்பின் பெரிய சுவரில் நகராட்சி வரையச் சொன்ன ஓவியத்துக்குச் சாரம் கட்டியவர் அவர்தான். நேற்று நண்பகல், திரைக்குப் பின்னால், சாரத்தடியில் ஓவியர் மண்டை உடைந்து கிடந்தார்.

"படத்துல என்ன இருக்கு?" என்றார் தராசு. துணிக்கடையை மூடிவிட்டுத் துப்பறிய வந்தவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பாததால் அந்தப் பெயர்.

"திறப்பு விழா வரைக்கும் திரை போட்டிருக்கு, நான் பார்க்கலை. படத்துல வர்ற வீட்டு மேல் ஜன்னல்ல, திறந்த சாக்கடையில விழுந்து செத்துச்சே, அந்தப் பொண்ணை வரைஞ்சிருக்காராம். தெரு ஜனங்க கேட்டுக்கிட்டாங்களாம். அதைப் பார்த்துட்டு வந்து இவர் அன்னிக்குச் சாப்பிடவே இல்லை."

சுவரடியில், தராசின் மச்சினன் கேமராவும் கையுமாகப் பரபரத்தான். "மாமா, உச்சியில ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கு. விஷயம் முடிஞ்சது!"

"உன்னைக் கல்லாவுல உட்கார வச்சா முதல் விலைக்கே கடையை எழுதிக் கொடுத்துடுவே மாப்ளே. பொறு."

ஓவிய வேலையைக் கவனிக்கும் நகராட்சிக் கலை அதிகாரி வந்தார். போன வருடம்வரை சாக்கடைப் பிரிவில் இருந்தவர். "நான் கீழே நின்னு பார்த்தேன் சார். ஓவியர் மேல நின்னு வானத்தைத் திருத்திக்கிட்டிருந்தார், கயிறு விட்டுடுச்சு. எங்களுக்குள்ள ஒரு தகராறும் கிடையாது."

தகராறு பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தள்ளுபடி தருகிறவரைப் பார்ப்பதுபோல் தராசு அவரைப் பார்த்தார், பிறகு சுவரை. படத்தின் மேல் ஜன்னலில் யாரும் இல்லை. அங்கே பளபளக்கும் நீலம், இன்னும் பிசுபிசுப்போடு. அதிலிருந்து இரண்டு கோடுகள் வழிந்து கீழேயுள்ள முகங்களின் மேல் இறங்கியிருந்தன. அடியில் புல்கூட வரைந்து முடிந்திருந்தது. சாரத்தின் பலகைகள் எல்லாம் கீழ்த் தட்டில் கிடந்தன.

மாலையில் நகராட்சிக் கூட்ட அறையில் இன்ஸ்பெக்டர், அதிகாரி, சாரம் கட்டுபவரின் மனைவி மூவரையும் உட்கார வைத்துத் தராசு பேசினார்.

"சுவர்ல வரையறவங்க மேலேருந்து கீழே வருவாங்க. இல்லைன்னா மேல சிந்துறது கீழே முடிச்சதைக் கெடுக்கும். அவங்க இறங்க இறங்கப் பலகையும் இறங்கும். உச்சியில இப்ப வெறும் கம்புதான். பிடிச்சு ஏறலாம், நின்னு வரைய முடியாது. அப்ப இவர் கீழே நின்னு பார்த்தது யாரை?"

"பெயிண்ட் அவரோடது இல்லையா மாமா?" மச்சினன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"அவரோடது மங்கலா காயும். இது பூங்கா பெஞ்சுக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயிண்ட். டப்பா இவர் அறை அலமாரியில இருக்கு, சாவியும் இவர்கிட்ட. நகராட்சி அனுமதிச்ச வரைபடத்துல ஜன்னல் காலி. பொண்ணை ஓவியர் அப்புறம்தான் சேர்த்தாரு. அந்தச் சாக்கடைக்கு மூடி போட்டாச்சுன்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்?"

அதிகாரி கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நக இடுக்குகளில் இருந்த நீலத்தை இன்ஸ்பெக்டர் அதற்குள் பார்த்துவிட்டார்.

"திரையை இழுத்ததும் அந்தப் பொண்ணு எல்லார் முன்னாலயும் என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கும்" என்றார் அதிகாரி. "அழிச்சுடுன்னு கெஞ்சினேன். 'மூடியைப் போட்டுட்டு வா, அழிக்கிறேன்'னான். பக்கத்துல இரும்புக் குழாய் கிடந்தது..."

"அப்புறம் ஏறி நீலம் அடிச்சீங்க, முடிச்சை அவிழ்த்தீங்க. கம்பி எண்ணட்டும்னு இந்தம்மா புருஷனை அனுப்பினீங்க."

கணவர் அன்றே வீடு திரும்பினார். மூன்றாம் நாள் நகராட்சி ஊழியர் ஒருவர் அவர்கள் வாசலில் நின்றார். "சுவர் விவகாரமாயிடுச்சாம், முழுசா வெள்ளையடிக்கச் சொல்லிட்டாங்க. சாரம் வேணும் அண்ணே. சீக்கிரம்."

கணவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் வாசலுக்கு வந்தாள்.

"உங்க தலைவர்கிட்டச் சொல்லுங்க தம்பி. அந்தப் பொண்ணை ரெண்டாவது தடவை மூடறதுக்கு எங்க வீட்டுக் கயிறு வராது."